பக்கம் தாண்டிய இரண்டு வரிகள்

நான் வாரநாள்களில் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் கிள்ளானில், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் நடக்கும் டியூஷன் மையத்துக்குப் போவேன். பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கையைக் கணினியே தயாரிக்கும்படி அங்கே செய்து கொடுத்தவன் நான்தான். மதிப்பெண்களையும் ஆசிரியர் எழுதிய குறிப்பையும் அங்கே எழுத்தராக இருந்த கிராணி அக்கா தட்டச்சு செய்வார். பொத்தானை அழுத்தினால் ஒரு பிள்ளைக்கு ஒரு தாள் வீதம் வரும். முதல் மூன்று தாள்களைப் பார்த்தேன், அழகாக இருந்தன. மற்றவற்றைப் பார்க்காமலே அச்சடிக்கச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை ஓர் அம்மா தன் மகளோடு வந்தார். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அரைநாள் லீவு போட்டுவிட்டு, சீருடையோடு வந்திருந்தார். அறிக்கையை என் முன்னால் வைத்தார்.

"என் பொண்ணு திருடுறாளா சார்? மறைக்காம சொல்லுங்க."

தாளின் உச்சியில், பிள்ளையின் பெயருக்கும் மேலே, இரண்டு வரிகள் இருந்தன. 'மற்றவர்களின் பொருளைக் கேட்காமல் எடுக்கிறார். பெற்றோர் வந்து பார்க்கவும்.' கீழே குறிப்புக்கான கட்டத்தில் 'நன்றாகப் படிக்கிறார்' என்று இருந்தது.

"ரெண்டு நாளா கேட்டேன். கடைசியில ஒத்துக்கிட்டா. கூட்டாளியோட ரப்பர எடுத்தாளாம்." பையிலிருந்து ஒரு புது ரப்பரை எடுத்து மேசையில் வைத்தார். "இதைக் குடுத்துடுங்க சார்."

அந்த இரண்டு வரிகள் வேறு பிள்ளையுடையவை என்று பார்த்ததுமே புரிந்தது. எப்படி வந்தன என்று புரியவில்லை. யோசிக்கவும் இல்லை.

"டைப்பிங் மிஸ்டேக்மா. கிராணி மாத்தி அடிச்சிட்டாங்க" என்றேன்.

பக்கத்து மேசையிலிருந்து அக்கா எழுந்து வந்தார். "சாரிமா, என் தப்புதான். பாப்பா ஒண்ணும் செய்யல" என்றார். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அதை இன்று எழுதக் கூசுகிறது.

அம்மா மகளைப் பார்த்தார். "அப்புறம் ஏன்டி எடுத்தேன்னு சொன்ன?"

"நீங்க விடலையேம்மா."

அவர்கள் போன பிறகு கோப்பைத் திறந்தேன். அக்கா அடித்ததில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. பட்டியலில் அவளுக்கு முன்னால் இருந்த பையனின் குறிப்பு நீளமானது. அட்டவணையின் வரிசை இரண்டு பக்கங்களுக்கு இடையே உடையலாம் என்ற செட்டிங்கை நான் எடுக்காமல் விட்டிருந்தேன். ஒவ்வொரு பிள்ளையும் புதிய பக்கத்தில் தொடங்க வேண்டும் என்றும் வைக்கவில்லை. அதனால் மிஞ்சிய வரிகள் அடுத்த பக்கத்துக்கு ஒழுகி, அந்தச் சிறுமியின் தலைக்கு மேல் போய் உட்கார்ந்துவிட்டன.

அந்தச் செட்டிங்கின் டிக்கை எடுத்தேன். இப்போது குறிப்புக் கட்டம் முழுதாக அடுத்த பக்கத்துக்குத் தாவியது, யாருடையது என்ற பெயரே இல்லாமல். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பக்கத்தைப் பிரித்தேன். பிள்ளையின் பெயர் உள்ள வரிசை தொடர்ச்சித் தாளிலும் திரும்ப வரும்படி செய்தேன். இந்த முறை எல்லாத் தாள்களையும் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஆனது. அக்காவின் முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

பிறகு அவர் மேசைக்குப் போனேன். "அக்கா, அது உங்க தப்பு இல்ல. என்னோடது."

"தெரியும் தம்பி. நீங்க பேசிட்டு இருக்கும்போதே திறந்து பாத்தேன். நான் சரியாத்தான் அடிச்சிருந்தேன்."

"பின்ன ஏன் சாரி சொன்னீங்க?"

"அந்தப் பிள்ள அங்க நின்னுக்கிட்டு இருந்துச்சு லா. யாராச்சும் சீக்கிரம் சொல்லணும்ல?"

அவர் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்து, பிழை கிராணியுடையது அல்ல, என்னுடையது என்றேன். "என்கிட்ட சொல்லி என்ன சார்? அவகிட்ட வந்து சொல்லுங்க" என்றார்.

அடுத்த வாரம், வகுப்பு தொடங்குமுன், அக்காவின் காதிலும் விழும்படி அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையசைத்தாள். "கிளாஸ்க்குப் போலாமா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

ஆண்டு முடியும் வரை அவள் வந்தாள். மாடிப்படியில் எதிரே வந்தால், நான் கடந்து போகும்வரை சுவரோடு ஒட்டி நின்றுகொள்வாள்.