மாமா கழற்றிய வயர்

அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, நாரந்தனையில் தன் வீட்டுப் பின்னறையிலிருந்து ஒரு தொலைக்காட்சி நடத்தினார். பனைகளில் வயர் கட்டி அயலூர்கள் வரை இழுத்திருந்தார். மாலை ஆறு மணிக்கு, மேலே சேர்ட்டும் கீழே சாரமுமாகக் கமெராவுக்கு முன்னால் உட்காருவார். சாரம் படத்தில் தெரியாது. யார் செத்தது, நாளைக்குப் படகு ஓடுமா, யாருடைய மாடு யாருடைய வளவில் நிற்கிறது, எல்லாவற்றையும் ஒரே முகத்துடன் வாசிப்பார். உலகத்திலேயே அலுப்பான நிகழ்ச்சி அதுதான் என்பது எட்டு வயதில் என் முடிவு.

ஒரு கோடையில் புளியங்கூடலில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி நின்றுபோனது. அம்மா முறையிடப் பிரதேச சபை அலுவலகத்துக்கு நடந்து களைத்துவிட்டாள். மாமா கமெராவோடு வந்து, அவளை வெறும் தண்ணீர்க் கான்களுக்கு நடுவில் நிற்கவைத்தார். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத அம்மா அன்று பேசினாள்.

"எங்கடை கிணறெல்லாம் உப்பு. ரெண்டு கிழமையாப் பவுசரைக் காணேல்லை. பிள்ளையளுக்குக் குடிக்க என்னத்தைக் குடுக்கிறது?"

அன்று மாலையே மாமா அதை ஒளிபரப்பினார்; மறுநாளே பவுசர் வந்தது. எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

அடுத்த வருடம் என் சிநேகிதி வீட்டுக்கு டிஷ் வந்தது. அதில் பகல் முழுக்கக் கார்ட்டூன். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து எங்கள் வீட்டுக்கும் ஒன்றை வரவைத்தேன். இரண்டுக்கும் மாதக் காசு கொடுக்க எங்களுக்குக் கட்டாது. பழைய வயரைக் கழற்ற மாமாவே வந்தார்.

"கோபிக்காதேங்கோ அண்ணை. பிள்ளை ரெண்டு நாள் சாப்பிடேல்லை" என்றாள் அம்மா.

"இதில என்ன கோபம்" என்றவர், என்னைப் பார்த்து, "படம் கிளியரா வருதோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். வயரை முழங்கையில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணீரைக் குடிக்காமலே போனார். அந்த "ஓம்" இன்றைக்கும் என் நெஞ்சை அறுக்கிறது.

கூடப்பிறந்தவள் வீடே கழற்றிவிட்டது என்றதும் மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று. எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீடு மட்டுமே மிஞ்சியது. மாமா நிறுத்திவிடத் தீர்மானித்தார்.

அந்தக் கடைசி மாலை நான் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தபோது, "பிள்ளையளுக்குக் குடிக்க என்னத்தைக் குடுக்கிறது?" என்று அம்மாவின் குரல் வெளியே கேட்டது. எட்டிப் பார்த்தேன். அம்மா வேலியோரம் வாயை மூடிக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் மாமா அந்தப் பழைய படத்தைத் திரும்பவும் போட்டிருந்தார். அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பார்க்க அவளுக்கு முகம் இருக்கவில்லை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

"அம்மா, வாங்கோ, நல்ல பகிடி போகுது."

"வாறன்" என்றாள். வரவில்லை.

அடுத்த கோடையிலும் பவுசர் நின்றது. அம்மா ஒரு மாதம் அலுவலகத்துக்கு நடந்தாள். கேட்பாரில்லை. தண்ணீர் கரிக்கிறது என்று நான் அவளோடுதான் கோபித்துக்கொண்டேன்.