அடுப்புக்குக் கீழே எடுத்த மண்

கொருக்குப்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி ஒரு பழைய பெட்ரோல், டீசல் கிடங்கு இருந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். அந்த இடத்தை வாங்க நினைத்தவர், முதலில் மண்ணைச் சோதித்துச் சொல்லும்படி எங்கள் லேபில் கேட்டிருந்தார். நான் வேதியியல் முடித்து அங்கே புதிதாகச் சேர்ந்திருந்தேன்.

கூலியாட்கள் இரண்டு பேர் திருகு கம்பியை மண்ணுக்குள் இறக்குவார்கள். மேலே வரும் மண்ணை நான் கண்ணாடிப் புட்டியில் காற்றுக்கு இடமில்லாமல் அடைத்து ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். தாமதித்தால் எண்ணெயின் ஆவி பறந்துவிடும். ஐஸ், கல்மண்டபம் மார்க்கெட்டில் மீனுக்கு உடைக்கிற ஐஸ்தான். பெட்டியில் மீன் வாடை, கையில் பெட்ரோல் வாடை. சாயங்கால பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

சுற்றுச்சுவரை நெருங்க நெருங்க மண் கறுத்துக்கொண்டே போனது. சுவரோரம் போட்ட கடைசித் துளையில் வந்த ஈர மண் மூக்கை எரித்தது. எங்களுக்குக் கொடுத்த வேலை அதோடு முடிந்தது. கூலியாட்கள் கம்பியைக் கழுவத் தொடங்கினார்கள். எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. மண்ணுக்கடியில் போகிற எண்ணெய் சுவரைப் பார்த்தா நிற்கும்?

சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். சுவரை ஒட்டிய ஓர் அறை வீட்டில் ஒரு பெண் கூட்ஸ் ஷெட் சுமைக்காரர்களுக்கு இட்லி வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க அடிபம்புத் தண்ணில வாசனை வருதா?"

"வாசனையா? கலீஜா நாறுது. பாத்திரம் கழுவத்தான் அது. இன்னாத்துக்குக் கேக்கற?"

காரணத்தைச் சொல்லி, ஆவியை அளக்கும் கைக்கருவியோடு உள்ளே போனேன். மூலையில் சிமெண்டுத் தரை விரிசல் விட்டிருந்தது. அங்கே வைத்ததும் கருவி விடாமல் கத்தியது. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது.

"அக்கா, அடுப்ப உடனே அணைங்க."

"அணைச்சிட்டு? ஆளுங்க வந்துகினு கீறாங்க. நீயா இட்லி போடுவ?"

விரிசலைக் காட்டினேன். அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இத்தினி நாளா ஸ்டவ்வுதான் நாறுதுன்னு நெனச்சுகினு இருந்தேன்," என்றபடியே அடுப்பை அணைத்தார்.

தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து லேபுக்குப் பேசினேன். "காம்பவுண்டுக்கு வெளிய நமக்கு வேலையில்லையேம்மா," என்றார் எங்கள் மேலாளர்.

"இங்க வீட்டுக்குள்ள அடுப்பு எரியுது சார்."

யார் வீடு என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, அங்கயும் மண் எடுத்துட்டு வா. மத்தத நான் பாத்துக்கறேன்," என்றார்.

நான் திரும்பி வருவதற்குள் அந்த அக்கா சாமான்களை நகர்த்தி மூலையைக் காலி செய்திருந்தார். "எங்க வூட்டுக்காரு மீன்புடி போட்டுலேந்து வந்தா கத்துவாரு. அதுக்கு முந்தி நோண்டிடு," என்றார். அடுப்பு இருந்த இடத்தில் தரையை உடைத்து மண் எடுத்தோம்.

முடிவு வரும்வரை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. லேப் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் கொருக்குப்பேட்டைக்குப் போவேன். அவர் அடுப்பை எதிர்ப்புறம் தார்ப்பாய்க்குக் கீழே மாற்றியிருந்தார். "இன்னா, போலீசு மாதிரி தெனமும் வந்துகினு கீற?" என்று சிரிப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிக்கவில்லை. தெருவுக்கே பொதுவான அந்த பம்பைப் பூட்டிவிடுவார்கள் என்ற கோபம் அவர்களுக்கு.

பயந்தது போலவே, முடிவு வந்ததும் மாநகராட்சி ஆட்கள் பம்பைப் பூட்டினார்கள். கிடங்குக்குள் இருந்த மண்ணுக்குக் கொஞ்சமும் குறையாமல் கெட்டிருந்தது அடுப்புக்குக் கீழே இருந்த மண். கிடங்கின் தொட்டியைத் தோண்டி எடுத்தபோது அடிப்பக்கம் துருவேறிப் பொத்தலாக இருந்தது. கெட்ட மண்ணை லாரிகளில் அள்ளிப் போனார்கள். தெருவுக்கு லாரித் தண்ணீர் வந்தது. அந்த வீட்டுக்குப் புதுத் தரை போட்டுத் தந்தார்கள். கருவி அங்கே சத்தமில்லாமல் இருந்ததைப் பார்த்த பிறகுதான் அந்த அக்கா அடுப்பை உள்ளே கொண்டுபோனார்.

"எங்க வூட்டு மண்ண எங்க கொட்டுனாங்க?" என்று ஒருநாள் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. லாரி ஓட்டியவரைக் கேட்டேன். "எண்ணூர் பக்கம்" என்று கையைக் காட்டினார். மேலாளர், அது காண்டிராக்டர் பாடு என்றார். மனசு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி எண்ணூர் போய், முகத்துவாரக்குப்பம் வரை நடந்தேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், இந்தப் பக்கம் லாரியில் கறுப்பு மண் கொண்டுவந்து கொட்டினார்களா என்று விசாரித்தேன்.

"இங்க எல்லாமே கறுப்பாத்தான் கீது. நீ எதக் கேக்கற?" என்றார் அவர்.

கண்ணில் பட்ட மேட்டிலெல்லாம் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தேன். அனல்மின் நிலையச் சாம்பல் வாடைதான் வந்தது. வெயில் ஏறியதும் திரும்பிவிட்டேன்.

மறுநாள் இட்லிக் கடைக்குப் போய், கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னேன்.

அந்த அக்கா இட்லித் தட்டை இறக்கி வைத்தார். "யாரு வூட்டாண்ட கொட்டினு போனானுங்களோ," என்றார்.