தேன்மொழிக்கு நான் எழுதிய டி.சி.

அரியலூர்ப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் அட்மிஷன் செக்‌ஷனில் வேலை பார்த்து, சூப்பரின்டெண்டாக ஓய்வு பெற்றவள் நான். அந்த நாற்காலியில் புதிதாக உட்கார்ந்திருப்பவர்களுக்காக ஒரே ஒரு டி.சி.யைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி தேன்மொழி தன் அப்பாவோடு வந்து நின்றாள். தா.பழூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுபவர். டி.சி. வேண்டும் என்றார்.

"கல்யாணமா?" என்றேன். பெண்ணைப் பாதியில் நிறுத்தும் அப்பாக்களிடம் அப்படித்தான் கேட்பேன், கொஞ்சம் கடுப்பாக.

"இல்லீங்க மேடம். இவங்கம்மா பக்கவாதம் வந்து படுத்து மூணு மாசமாச்சு. நான் லாரிக்குப் போயிட்டா வூட்ல ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்ல."

"டியூஷன் பீஸ் கெடையாது, பஸ்ஸுக்கும் காசு கெடையாது. இவ்வளவு இருந்தும் நிறுத்துறீங்களே?"

அவர் கோபப்படவில்லை. "காலேஜ் ப்ரீ, பஸ்ஸும் ப்ரீங்க. இவ பகல் ப்ரீ இல்லீங்களே" என்றார்.

நோ டியூஸ் படிவத்தை நீட்டினேன். நூலகத்திலும் துறையிலும் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து வாங்கி வர வேண்டும். அரை மணி நேரம் கழித்துத் தேன்மொழி பாதிப் படிவத்தோடு திரும்பி வந்தாள்.

"மேடம், லேப்ல இன்னிக்கு டைட்ரேஷன். முடிச்சுட்டுக் கையெழுத்து வாங்கிக்கட்டுமா? சார் சரின்னுட்டாங்க."

நான் அவள் அப்பாவைப் பார்த்தேன். "செய்யட்டுங்க. பக்கத்து வூட்டம்மாவ மதியம் வரைக்கும் இருக்கச் சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார்.

ஏதோ ஒரு ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு நானும் லேப் பக்கம் போனேன். தேன்மொழி பியூரெட்டைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துகொண்டிருந்தாள். குடுவையில் இளஞ்சிவப்பு எட்டிப் பார்த்ததும் "வந்துருச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மூன்று முறை செய்து அளவுகளை எழுதி, சாரிடம் கையெழுத்து வாங்கினாள். அதற்கான செய்முறைத் தேர்வை அவள் எழுதப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், சாருக்கும் தெரியும்.

டி.சி.யை நானே எழுதினேன். வெளியேறும் காரணம்: பெற்றோர் விருப்பம். அப்படி எழுதுவதுதான் வழக்கம். வாங்கிக்கொண்டு, "போயிட்டு வரேன் மேடம்" என்றாள்.

அடுத்த வாரம், தேர்வு எழுதுபவர்களின் பட்டியலான நாமினல் ரோலைத் தயாரித்தபோது அவள் பெயரை அடிக்கப் போன பேனா நின்றது. டி.சி. கொடுத்திருக்கவே வேண்டாம். பிரேக் ஆஃப் ஸ்டடி என்று விண்ணப்பம் எழுதி வாங்கியிருந்தால், வீட்டு நிலைமை சரியானதும் ரீஅட்மிஷன் போட்டு விட்ட இடத்திலிருந்து படித்திருப்பாள். எனக்கு அது மனப்பாடமாகத் தெரிந்த விதி. அவர்கள் டி.சி. கேட்டார்கள், நான் கொடுத்துவிட்டேன்.

படிவத்தில் இருந்த போன் நம்பர் வேலை செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது.

"வைத்தியத்துக்குன்னு மாமன் ஊருக்குப் போயிட்டாங்க. எந்த ஊருன்னு சரியாத் தெரியலங்க" என்றார் பக்கத்து வீட்டம்மா. "அந்தப் புள்ள பொஸ்தகத்த மட்டும் தனி மூட்டையாக் கட்டி எடுத்துட்டுப் போச்சு."

கல்லூரிப் படிப்பை அரசாங்கம் முழுக்க இலவசமாக்க வேண்டுமா என்று டி.வி.யில் விவாதிக்கிறார்கள். ஆக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். பீஸ் இருந்திருந்தால் தேன்மொழி அந்த ஒன்றரை வருஷம்கூட வந்திருக்க மாட்டாள். ஆனால் பீஸ் இல்லை என்றதும் எல்லாம் செய்தாகிவிட்டது என்று நினைத்தேனே, அதுதான் என் தப்பு.

அதன் பிறகு டி.சி. கேட்டு யார் வந்தாலும் முதலில் உட்கார வைத்தேன். "வூட்ல யாருக்கு என்ன?" என்று கேட்டேன். பிரேக் ஆஃப் ஸ்டடி எழுதிக்கொடுத்துப் போனவர்களில் சிலர் ஒரு வருஷத்தில் வந்தார்கள், சிலர் இரண்டு வருஷம் கழித்து. ரீஅட்மிஷன் படிவத்தோடு ஒரு பெண் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றால், ஓய்வு பெறும் நாள் வரைக்கும், பெயரைப் படிக்கும் முன் நான் முகத்தைத்தான் பார்த்தேன்.