ஆர்டிஸ் மேயோவும் கூடுதலாக விழுந்த சீட்டும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஒரு மண்வெட்டியோடு தொடங்கி இன்று ஆறு லாரி ஓட்டுகிறேன். வெஸ்ட் ஹார்லோவில் நீங்கள் எந்தச் சாலையில் போனாலும் டெல்மர் காஸ்வெல் போட்ட ஜல்லி மேல்தான் போகிறீர்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. யாரையும் எளிதில் நம்பாததால்தான் நான் முன்னுக்கு வந்தேன். அதிலும் நான் கடைசிவரை நம்பாத ஆள் ஒருத்தி. எங்கள் ஊர் எழுத்தர் ஆர்டிஸ் மேயோ.

வெர்மான்ட் மாநிலத்தின் மேற்குச் சரிவில் மாடு வளர்த்த குடும்பம் அவளுடையது. இருபத்து நான்கு வயதில் ஊர் அலுவலகத்துக்கு உதவியாளாக வந்தாள். பழைய எழுத்தர் இறந்ததும் தேர்தலில் நின்றாள், ஜெயித்தாள். அதற்கப்புறம் முப்பத்தொரு வருடம் எதிர்த்து நிற்க ஆளில்லை. நிலப் பத்திரம், பிறப்பு, இறப்பு, நாய் உரிமம், ஓட்டுப் பட்டியல் எல்லாம் அவள் கையில். அவள் புருஷன் நார்ம், பால் லாரி ஓட்டினான். அவனிடம்கூட அலுவலக விஷயம் பேசமாட்டாளாம்.

பத்திரங்கள் வைத்திருக்கும் பெட்டக அறையின் சாவியைக் கழுத்தில் மாட்டியிருப்பாள். மதியம் பன்னிரண்டு அடித்தால், எதிரே ஆள் நின்றாலும் பூட்டிவிடுவாள். எழுதும்போது இடது கையால் பக்கத்தை மறைத்துக்கொள்வாள். தேர்தல் மாதத்தில் யாராவது ஒரு பை மக்காச்சோளம் கொடுத்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவாள். இவ்வளவு நேர்மை எதற்கு என்று எனக்குள் ஓடும். ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் ஏன் இப்படி இருக்க வேண்டும்?

ஒருமுறை சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒரு பழைய பத்திரப் புத்தகத்தைக் கேட்டேன். தட்டாமல் எடுத்துக் கொடுத்தாள். நான் புரட்டும்போது அவள் ஒரு நோட்டில் என்னவோ எழுதினாள்.

“என்ன எழுதறே?”

“யார் எந்தப் புத்தகத்தைப் பார்த்தாங்கன்னு.”

“என் பேரையுமா?”

“உங்க பேருக்கு மட்டும் தனி நோட்டா போடணும், டெல்மர்?”

அன்று முடிவு செய்தேன். இவளுக்கு மேலே ஒருவர் இருக்க வேண்டும்.

நான் ஊர் நிர்வாகக் குழுவில் மூன்று பேரில் ஒருவன். எழுத்தரை இனி ஊர் தேர்ந்தெடுக்க வேண்டாம், குழுவே நியமிக்கட்டும் என்று மார்ச் மாத ஊர்க் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் வைத்தேன். அது நிறைவேறினால் ஜூனில் ஆர்டிஸ் வீட்டுக்குப் போவாள். ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். அவளுக்கும் தெரியும். என் தீர்மானத்தை அவள்தான் தட்டச்சு செய்து மூன்று இடங்களில் ஒட்டினாள், சட்டம் சொன்ன தேதியில், ஒரு எழுத்துப் பிசகாமல். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கூட்டத்தன்று சாலையெல்லாம் சேறு. பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள். சமையலறையிலிருந்து வேகவைத்த பீன்ஸ் வாசனை. கூட்டத் தலைவர் ஹோலிஸ் ட்ரூ சுத்தியலைத் தட்டினார். நான் எழுந்து என் பக்கத்தைச் சொன்னேன். கேட்க ஆளில்லாத அதிகாரி யாரும் இருக்கக் கூடாது என்றேன். நன்றாகவே பேசினேன், கைதட்டல் வந்தது.

பால் பண்ணைக்காரர் பாட்டெனோட் எழுந்தார்.

“டெல்மர், உன்னை அந்த நாற்காலியில உட்கார வெச்ச ஓட்டை எண்ணினது யாரு?”

“ஆர்டிஸ்தான்.”

“நாளைக்கு எழுத்தரை நீயே நியமிச்சா, உன்னோட அடுத்த ஓட்டை எண்ணப்போறது உன்கிட்ட சம்பளம் வாங்கற ஆளா?”

கூட்டம் சிரித்தது. “நம்ம மாநில சாசனத்துல அதிகாரம் மக்கள்கிட்டேர்ந்துதான் வருதுன்னு எழுதியிருக்கு. காஸ்வெல் ஜல்லிக் குவாரியிலேர்ந்து வருதுன்னு எழுதலை,” என்றார் அவர். மறுபடி சிரிப்பு.

“மக்கள் தேர்ந்தெடுத்த ஆள்தான்யா நானும்!” என்று கத்தினேன். ஹோலிஸ் சுத்தியலைத் தட்டினார்.

ஆர்டிஸ் வாயே திறக்கவில்லை. தன் வேலையைப் பற்றிய ஓட்டு என்பதால் பட்டியல் மேசையை வேறு மூன்று பேரிடம் விட்டுவிட்டு, ஓரத்தில் கூட்டக் குறிப்பு மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள்.

வாய்க் குரலில் ஓட்டெடுத்தார்கள். இரண்டு பக்கமும் சமமான சத்தம். உடனே ஏழு பேர் எழுந்து சீட்டு ஓட்டு கேட்டார்கள். ஏழு பேர் கேட்டால் கொடுத்தாக வேண்டும், அதுதான் சட்டம். எல்லாரும் வரிசையில் போய்ப் பேரைச் சொல்லி, பட்டியலில் குறி போட்ட பிறகு சீட்டு வாங்கி, ஆமாம் அல்லது இல்லை என்று எழுதிப் பெட்டியில் போட்டோம். போட்ட கையோடு பண்ணைக்காரர்கள் பலர் மாடு கறக்கக் கிளம்பிவிட்டார்கள்.

ஹோலிஸ் எண்ணி அறிவித்தார். “ஆமாம் ஐம்பத்தேழு. இல்லை ஐம்பத்தெட்டு. தீர்மானம் தோற்றது.”

ஒரே ஒரு ஓட்டு! நான் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் ஆர்டிஸ் எழுந்தாள். “தலைவர் அய்யா, இதை நான் குறிப்புல எழுத முடியாது. பெட்டியில நூத்திப் பதினஞ்சு சீட்டு. பட்டியல்ல நூத்திப் பதினாலு குறிதான் இருக்கு.”

எனக்கு ரத்தம் சூடேறியது. “பார்த்தீங்களா! முப்பது வருஷமா நான் சொன்னது இதைத்தான்! அந்தச் சீட்டு யார் போட்டது, ஆர்டிஸ்?”

“தெரிஞ்சா நல்லதுதான்,” என்றாள்.

கணக்கு நேராகாவிட்டால் திரும்ப ஓட்டெடுக்க வேண்டும் என்றார் ஹோலிஸ். நான் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். பாட்டெனோட் இல்லை. அவர் பக்கத்து நாற்காலிகள் பாதி காலி. திரும்ப எடுத்தால் நான் ஜெயிப்பேன். அது அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. ஆர்டிஸுக்கும்தான்.

“பேர் சொல்லாம சீட்டு வாங்கினவங்க யாராவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க,” என்றார் ஹோலிஸ்.

யாரும் அசையவில்லை. நான் ஒவ்வொரு முகமாக முறைத்துக்கொண்டே வந்தேன். பட்டியல் மேசையில் என் மச்சான் வெண்டல் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது சிவந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரிசையில் என் முறை வந்தபோது வெண்டல் பேரைக் கேட்டான். “ஏன்டா, உன் அக்காவைக் கட்டினவன் பேர் உனக்குத் தெரியாதா?” என்றேன். “கல்யாணத்தன்னிக்கே மறக்கப் பார்த்தேன் மச்சான்,” என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். சீட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டேன். அவன் பென்சிலைத் தொடவே இல்லை.

வெண்டல் சொல்லமாட்டான். என்னைப் பார்த்துப் பயம். நான் வாயை மூடிக்கொண்டால் போதும், ஆர்டிஸ் மேயோவின் கதை அன்றோடு முடிந்தது.

ஆனால் என் லாரியில் ஆறு கன கஜம் ஜல்லி என்றால் ஆறு கன கஜம்தான் இருக்கும். அளவில் ஏமாற்றி நான் ஒரு லோடுகூட இறக்கியதில்லை. எழுந்தேன்.

“அது நான்தான். வெண்டல் என் பேருக்குக் குறி போடலை.”

வெண்டல் தலையாட்டினான். ஹோலிஸ் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குறி போடச் சொன்னார். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு நிலைத்தது. ஆர்டிஸ் உட்கார்ந்து எழுதினாள். இடது கையால் மறைத்துக்கொண்டுதான்.

இரண்டு நாள் எனக்கு மனசுக்குள் ஒரே அரிப்பு. மூன்றாம் நாள் அலுவலகத்துக்குப் போனேன்.

“உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?”

“வெண்டல் பென்சிலை எடுக்காததைப் பார்த்தேன். அப்புறமா போடுவார்னு நினைச்சேன்.”

“அப்போ ஏன் வாயைத் திறக்கலை? உன் வேலையே போயிருக்குமே!”

“அன்னிக்கு அது என் மேசை இல்லை. எனக்கு எதிரா விழற ஓட்டை நானே கை நீட்டிக் காட்டினா, நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?”

என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். லாரியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவளை இப்போது நம்புகிறேனா என்றால், இல்லை. அவ்வளவு பார்த்துவிட்டு அவ்வளவு சும்மா இருக்கத் தெரிந்தவளை எப்படி நம்புவது? ஒவ்வொரு ஓட்டெண்ணிக்கைக்கும் போய், அவள் கைகள் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருகிறேன். போன நவம்பரில் ஒரு தூண் மறைத்தது. எட்டி எட்டிப் பார்த்தேன். ஆர்டிஸ் எழுந்தாள், வெண்டலை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள், இரண்டு பேருமாக மேசையை என் பக்கம் திருப்பிப் போட்டார்கள். பிறகு உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தாள்.