மண்டூர் மழைமானிக்கு நான் எழுதிய குறிப்பு

ஞானம் அக்கா செத்துப் போய்விட்டார்.

சீனி வருத்தம் கூடி நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். எனக்கு நேற்றுத்தான் தெரியும். இன்று மண்டூரில் அடக்கம் முடிந்து இப்போதுதான் வீடு வந்தேன்... சாப்பாடு இறங்கவில்லை. அதுதான் இதை எழுதுகிறேன்.

இதை வாசிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. செயற்கை மழை ப்ராஜெக்டில் நான் ஃபீல்ட் அசிஸ்டன்டாக இருந்த காலத்தில், ஒரு மழைமானி அவருடைய வளவில்தான் நின்றது.

அரசாங்கம் நிதி கொடுத்த ஆய்வு. சித்தாண்டிப் பக்கத்து வயல் வட்டைகளுக்கு மேலே பிளேனில் போய் மேகத்தில் உப்புத் தூவுவார்கள். மண்டூர்ப் பக்கம் ஒன்றும் செய்ய மாட்டார்கள். இரண்டு பக்கமும் பெய்கிற மழையை அளந்து, தூவின பக்கம் மழை கூடவா என்று பார்ப்பது. அவ்வளவுதான் விஷயம்.

முதல் நாள் மானியை நட்டுவிட்டு அவசரமாக வெளிக்கிட்ட எங்களை மறித்து அக்கா கேட்டார், பிளேனில் மழை கொண்டுவாற ஆக்களுக்கு ஒரு தேத்தண்ணி குடிக்க நேரமில்லையா என்று.

தினமும் காலை எட்டரைக்கு அக்கா மானியில் சேர்ந்த தண்ணியை அளந்து, கார்டில் எழுதி, வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப வேண்டும். ஒரு நாளும் பிந்தமாட்டார். மழையே இல்லாத நாட்களிலும் வரும்... "இன்று பூச்சியம். மன்னிக்கவும் தம்பி."

மழை பெய்யாததற்கு அவர் மன்னிப்புக் கேட்பார்! ஒபிஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

சித்திரை மாதம், ஒரு பின்னேரம். கார்ட் எடுக்கப் போன நான் அவர் வீட்டில் மாட்டிக்கொண்டேன். அப்படி ஒரு மழை. விறாந்தையில் இருந்து இரண்டு தேத்தண்ணி குடித்து முடித்தும் விடவில்லை. இன்றைக்கு மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை என்று அக்கா பகிடி விட்டார்.

அடுத்த நாள் காலை முப்பத்தெட்டு மில்லிமீட்டர் என்று அனுப்பினார்.

வில்லங்கம் என்னவென்றால், அதே பின்னேரம்தான் சித்தாண்டிப் பக்கம் உப்புத் தூவியிருந்தார்கள். அங்கே அதில் கால்வாசிகூட விழவில்லை. தூவாத பக்கம் கொட்டித் தீர்த்திருக்கிறது.

ரிப்போர்ட் போக வேண்டும். ஒபிஸில் எனக்கு மேலே இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, மண்டூர் அளவில் பிழை ஏதும் இருக்கிறதா பார் என்றார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. பார் என்று மட்டும்தான் சொன்னார்.

எனக்குக் கொன்ட்ராக்ட் முடிய இரண்டு மாதம் இருந்தது. மண்டூர் அளவுக்கு நேரே குறிப்பு எழுதுகிற இடத்தில் எழுதினேன்: மானியை வாசித்தவரின் தவறு.

அந்த மழையில் அவர் வீட்டு விறாந்தையில் ஒதுங்கி இருந்தவன் நான்.

அவருடைய மானியை லிஸ்டிலிருந்து எடுத்தார்கள். கழற்ற நானே போனேன். அயல் சனம் வேலியோடு நின்று பார்த்தது. அக்கா கிட்ட வந்து, அவர்களுக்குக் கேட்காத மாதிரிக் கேட்டார்.

"தம்பி, நான் பிழையா எழுதிப் போட்டனா?"

"கொஞ்சம் கவனமாப் பாத்திருக்கலாம் அக்கா" என்றேன்.

வெட்கங்கெட்டவன்... வேறு என்ன சொல்ல.

அவர் அதை அப்படியே நம்பினார். தன் கண்ணில்தான் பிழை என்று கிளினிக்குக்கு அலைந்து கண்ணாடி போட்டார். மாதர் சங்கத்தில் செயலாளராக இருந்தவர், எழுத்து வேலை தனக்கு இனிச் சரிவராது என்று விலகிவிட்டார்.

ஊரில் அது பகிடியாகவும் போயிற்று. மழைப் பிளேன் மண்டூருக்கு வராமல் போனது ஞானம் எழுதின எழுத்தால்தானாம். அதைச் சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னதும் அக்காதான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

ரிப்போர்ட் போனது. எனக்குக் கொன்ட்ராக்டும் நீண்டது.

இன்று செத்த வீட்டில் அவருடைய மகள் வாணி என்னைக் கண்டதும் கூட்டிக்கொண்டு போய் முன் கதிரையில் இருத்தினார்.

"அம்மா உங்களப் பத்தித்தான் கதைப்பா சேர். தன்னால அந்தத் தம்பிக்குக் கரைச்சலாப் போயிட்டெண்டு கடைசி மட்டும் கவலப்பட்டவ."

பிறகு இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைத் தந்தார்கள். பேசினேன். நல்ல மனுசி என்றேன், கடமை தவறாதவர் என்றேன். ஊரே இருந்தது, அக்கா பக்கத்தில் கிடந்தார்... அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து இருந்துவிட்டேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ தண்ணி கொண்டுவந்து தந்தார்கள்.

வாணித் தங்கச்சி, நீங்கள் என் ஃப்ரெண்ட் லிஸ்டில் இருக்கிறீர்கள். வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஏசுவதென்றால் கொமெண்டிலேயே ஏசுங்கள், அழிக்க மாட்டேன். மண்டூர் ஆக்கள் யாராவது இருந்தால் இதை ஷேர் பண்ணுங்கள். சங்கத்து ஆக்களுக்கும் காட்டுங்கள்.

அந்தப் பின்னேரம் மண்டூரில் பெய்தது முப்பத்தெட்டு மில்லிமீட்டர். அக்கா எழுதினது சரி. பொய் எழுதினது நான்.

போயிட்டு வாங்க, ஞானம் அக்கா.