மெயினை மூடித் திறந்த மத்தியானம்

அந்த வட்டாரத்தில் எந்த வீட்டுக் குழாய் மக்கர் பண்ணினாலும் கூப்பிடுவது வால்வு அக்காவைத்தான். பதினெட்டு வருஷத் தொழில். பயிற்சிக்கூடத்தில் முப்பது ஆண்களுக்கு நடுவே ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து படித்தவள். "பொண்ணு எங்கே பைப் ரெஞ்சைத் தூக்கப் போகுது?" என்று அன்றைக்குச் சிரித்தவர்களின் வீட்டு சிங்க்குக்கு அடியிலும் படுத்து வேலை பார்த்திருக்கிறாள். பட்டப்பெயர் வந்தது ஒரு பழக்கத்தால். எந்த வேலையை முடித்தாலும் மெயின் வால்வை மூடி, இருபது வரை எண்ணி, மறுபடி திறந்து தண்ணீரை ஓடவிடுவாள். குழாயில் சிக்கிய காற்று போக வேண்டுமாம். ஒரே ஒரு வாஷர் மாற்றியிருந்தாலும் இது உண்டு. "அக்கா, ஆபீசுக்கு நேரமாச்சு" என்று கெஞ்சினாலும் எண்ணிக்கை பத்தொன்பதில் நிற்காது.

ஊரையே வாயால் அளக்கிற அக்காவுக்கு ஒரே ஒரு ஆளிடம் மட்டும் வாய் வராது. அது அவள் புருஷன். அவர் கப்பலில் சமையல்காரர். ஒன்பது மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. ஒப்பந்தம் முடியும்போதெல்லாம் கேட்பார்: "இன்னொரு தடவை கையெழுத்துப் போடவா, இல்ல கரையிலயே ஒரு வேலை பார்த்துக்கிட்டு உன்கூட இருக்கவா?" அக்கா சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "உங்க இஷ்டம்." ஆறு தடவை அப்படிச் சொல்லி, ஆறு தடவையும் போனை வைத்துவிட்டு அழுதிருக்கிறாள். வீம்பு என்றும் சொல்லலாம், வெட்கம் என்றும் சொல்லலாம். என்னைக் கேட்டால் சுத்த முட்டாள்தனம் என்பேன்.

போன மாதம் நாலு மாடி மருத்துவமனை ஒன்றுக்கு முழுக்கக் குழாய் இழுத்து முடித்தாள். மேல்மாடிக் குழாயில் முதல் தண்ணீர் கொட்டியபோது கொத்தனார் முதல் இன்ஜினியர் வரை கை தட்டினார்கள். புருஷனிடம் சொல்ல உடனே போனை எடுத்தாள். அவர் நடுக்கடலில் இருந்தார். அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள், இந்தத் தடவை "வாங்க" என்று சொல்லிவிடுவதென்று.

ஒரு வியாழக்கிழமை காலையில் அவருடைய மெயில் வந்தது. கப்பல் மெயில் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வரும், போகும். அதில் எழுதியிருந்தார்: "இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கேப்டனுக்குப் பதில் சொல்லணும். நாலுல இருந்து அஞ்சு வரைக்கும் எங்களுக்கு நெட் உண்டு. பெரிய சாட் ஆப் எல்லாத்தையும் இங்கே அடைச்சு வெச்சிருக்காங்க. போன லீவுல நம்ம கம்ப்யூட்டர்ல நான் போட்ட சின்ன சாட் புரோகிராம் மட்டும்தான் ஓடும். ரூட்டர்ல போர்ட் ஃபார்வர்டிங் பண்ண மறந்துட்டேன். எப்படின்னு கீழே எழுதியிருக்கேன். உன்கிட்ட இருந்து ஒண்ணும் வரலேன்னா கையெழுத்துப் போட்டுடுவேன்."

மூன்று மணிக்கெல்லாம் அக்கா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சோபாவில் மாமியார் கால் நீட்டிப் படுத்து, போனில் பழங்களை வெடிக்கவைக்கும் விளையாட்டில் மூழ்கியிருந்தாள். ரூட்டரின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டியதும் அதன் பக்கம் திறந்தது. வெளியிலிருந்து தானாக வருகிற யாரையும் ரூட்டர் உள்ளே விடாது. '7070 போர்ட் என்கிற வாசலில் வருபவரை வீட்டுக்குள் ஐந்தாம் எண்ணுக்கு அனுப்பு' என்று எழுதி வைத்தால் விடும். கம்ப்யூட்டருக்கு ரூட்டர் கொடுத்திருந்த எண் ஐந்து.

"அட, இவ்வளவுதானா! மெயின்ல இருந்து அடுப்படிக்கு லைன் இழுக்கிற கதைதானே!" என்றாள் அக்கா. எழுதினாள், சேமித்தாள். வேலை முடிந்தது அல்லவா? கை தன் பாட்டுக்குப் போய் ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கியது. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள்.

"ஏம்மா, நெட்டு போச்சே! நூத்திப் பன்னிரண்டாவது லெவல்ல இருந்தேன்!" என்று மாமியார் அலறினாள்.

"காத்து போகட்டும், அத்தை." இருபதில் மறுபடி செருகினாள்.

மணி நாலு ஆனது. திரையில் ஒன்றும் வரவில்லை. நாலே கால் ஆனது. சமையல் வேலையில் மாட்டிக்கொண்டாரோ? நாலரை ஆனதும் அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னும் ஒன்பது மாதம் என்று நினைத்தபோதே கண் கலங்கியது. அப்புறம் தன்மேலேயே கோபம் வந்தது. தண்ணீர் வராத வீட்டில் அவள் உட்கார்ந்து அழுதிருக்கிறாளா என்ன? லைனைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய்ப் பார்ப்பாள்.

ரூட்டர் பக்கத்தை மறுபடி திறந்து, வீட்டில் எந்த எண் யாருக்கு என்ற பட்டியலைப் பார்த்தாள். கம்ப்யூட்டர், எட்டு. ஐந்தாம் எண்ணில் இருந்தது மாமியாரின் போன். அணைத்துப் போட்டதில் ரூட்டர் பழைய எண்களை மறந்து, முதலில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் புதிதாக வாரிக் கொடுத்திருந்தது. அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் பீறிட்டது.

"அத்தை! உங்க பிள்ளை அரை மணி நேரமா உங்க போனைத்தான் தட்டிக்கிட்டு நிக்கிறாரு!"

"பெத்தவகிட்ட வராம வேற எங்கே போவான்?" என்றாள் மாமியார். போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "சீக்கிரம் மாத்து. மாத்திட்டு 'உங்க இஷ்டம்'னு எழுதினேன்னு வை, நான் பொல்லாதவளாயிடுவேன். நீ பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுறது எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

 அக்கா ஐந்தை எட்டாக மாற்றினாள். எட்டு இனி கம்ப்யூட்டருக்கே சொந்தம் என்றும் எழுதி, சேமித்தாள். கை மறுபடி பிளக் பக்கம் நீண்டது.

"கையை எடு!" மாமியார் பட்டென்று ஒன்று வைத்தாள்.

நாலு நாற்பத்தாறுக்குத் திரையில் ஒரு வரி வந்தது. "இருக்கியா?"

"இருக்கேன்."

"கையெழுத்துப் போடவா?"

அக்கா தட்டினாள்: "உங்க". பின்னால் மாமியார் தொண்டையைச் செருமினாள். அழித்துவிட்டு எழுதினாள்: "வாங்க. வீட்டுக்கு வந்துடுங்க. ஆறு தடவையும் இதைச் சொல்லத்தான் நினைச்சேன்."

 பதில் வந்தது.

"ஆறு தடவையும் இதைக் கேட்கத்தான் கேட்டேன். இரு, கேப்டன்கிட்ட சொல்லிட்டு ஓடி வர்றேன். ரூட்டரை மட்டும் அணைச்சுடாதே."

அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.