பங்கில் ஒரு துண்டு எலும்பு

மூஸின் வயிற்றைக் கீறியதும் உள்ளேயிருந்து எழுந்த ஆவி சோற்றுப் பானையைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தது. பச்சை இரத்தத்தின் மணத்தோடு, அந்த மிருகம் தின்ற இலைகளின் புளித்த வாசமும் கலந்து வந்தது. மூஸ் என்பது மான் இனத்தில் ஆகப் பெரியது, பிள்ளைகளே. நின்றால் குதிரையைவிட உயரம். எண்பதுகளில் ஓர் இலையுதிர் காலம், எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவோடு தொழிற்சாலையில் வேலை செய்த ரே அங்கிளுக்குச் சீட்டுக் குலுக்கலில் மூஸ் சுட அனுமதி கிடைத்தது; நியூ ஜெர்சியிலிருந்து வடக்கே மெயின் மாநிலத்துக் காட்டுக்கு எங்களையும் தன் டிரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்.

புறப்படும் முன்பே அப்பா ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார். பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மென்டிலிருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கெல்லாம் "பங்கு இறைச்சி" தருவதாக. ஊரில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஓர் ஆட்டை அடித்தால், கூறு கூறாகப் பிரித்து வைப்பார்கள். ஒவ்வொரு கூறிலும் சதையும் ஈரலும் எலும்பும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கவேண்டும். அதுதான் பங்கு. எலும்பில்லாத கூறைக் கொடுத்தவனை ஊர் லேசில் மறக்காது.

காட்டில் அதுவே வில்லங்கமாயிற்று. தோலை உரித்து, கால்களை மூட்டோடு கழற்றியதும், ரே அங்கிள் எலும்பிலிருந்து சதையை வழித்து வெள்ளைத் துணிப்பைகளில் போடத் தொடங்கினார். அப்பாவோ ஒரு பின்னங்காலை முழுதாகத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். கொஞ்சத் தூரம்தான். சேறு அவரை முழங்கால்வரை இழுத்துக்கொண்டது.

"நோ போன்ஸ்!" எலும்பு வேண்டாம் என்று கத்தினார் ரே அங்கிள். எலும்பை ஒட்டிய சூடு சீக்கிரம் ஆறாது, இறைச்சி அங்கேயிருந்துதான் கெடத் தொடங்கும், வெயிலும் ஏறுகிறது, டிரக் குன்றுக்கு அப்பால் நிற்கிறது என்று ஆங்கிலத்தில் படபடத்தார்.

"எலும்பில்லாமல் பங்கு போட்டால் சனம் சிரிக்குமடா தம்பி," என்றார் அப்பா என்னிடம், சேற்றில் நின்றபடியே.

"இறைச்சி பழுதாப்போனால் இன்னும் சிரிக்கும் அப்பா."

முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "உன்ரை வாய்க்கு ஒரு பூட்டுப் போடவேணும்," என்று தோளிலிருந்த மூஸ் காலை இறக்கிவிட்டுக் கத்தியை எடுத்தார்.

மூவருமாக வழித்தோம். சதை குறைந்த கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டும் தொட்டால் குளிர்ந்திருந்தது, இனிக் கெடாது. அதை நான் கொண்டுவருகிறேன் என்றேன்.

"உன்னாலை ஏலுமே?"

"ஏலும்."

அப்பா அதைக் கயிற்றால் என் முதுகில் கட்டிவிட்டார். ரே அங்கிள் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் மறுக்கவில்லை. "சுட்டவன் சுமக்கவேண்டும்" என்பது அவருடைய கொள்கை. ஆகப் பாரமான பைகளை அவரே எடுத்தார். போவதும் வருவதுமாகச் சேற்றையும் குன்றையும் கடந்தோம். வெயில் உறைக்கும் முன் இறைச்சி முழுவதும் டிரக்கில் இருந்தது, ஒரு பைகூடக் கெடாமல்.

வீட்டில் குசினியில், அடுப்புக்கு முன்னால் தரையில் பிளாஸ்டிக் விரித்து அப்பா கூறு வைத்தார். நான் சுமந்த எலும்பை மரம் அரியும் வாளால் வளையம் வளையமாக அறுத்து, ஒவ்வொரு கூறின் தலையிலும் ஒரு துண்டு வைத்தார். ரே அங்கிளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார். அப்படித்தான் ஊரில் பங்கு பிரிப்பார்கள், கூறுகளைப் பார்க்காமல் நிற்பவன்தான் எது யாருக்கென்று சொல்லவேண்டும். அப்பா ஒரு கூறைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்றார். ரே அங்கிள் எங்கள் பெயர்களைக் கடித்துக் குதறி ஒவ்வொன்றாகச் சொன்னார். பங்குக்கு வந்திருந்த எல்லாரும் வயிறு நோகச் சிரித்தார்கள். தன் பெயரை அவர் கடைசிவரை சொல்லவில்லை; மிஞ்சிய கூறுதான் அவருடையது. இத்தனைக்கும் மூஸைச் சுட்டவரே அவர்தான்.

இன்று அப்பாவும் இல்லை, ரே அங்கிளும் இல்லை. அந்தக் குடும்பங்கள் ஆளுக்கொரு மாநிலமாகப் போய்விட்டன. கடையில் இறைச்சி, எலும்பில்லாமல் பிளாஸ்டிக்கில் சுத்தமாகச் சுற்றி வருகிறது. ஆனாலும் நான் எலும்போடுதான் வாங்குகிறேன், ஞாயிற்றுக்கிழமை உங்களைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, ஒரு தட்டைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்று கேட்கிறேன். நீங்கள் உடனே "மீ!" என்று கத்துகிறீர்கள்.

அப்படியில்லை, பிள்ளைகளே. முதலில் மற்றவர்களின் பெயரைச் சொல்லவேண்டும்.